எந்தச் சைக்கிள்?

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அமிர்தநாதர் குடியிருந்த கட்டடத்தின் லிப்ற்றைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. அவற்றில் உண்மையானதை மட்டும் இங்கே சொல்லலாம். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் ஒருவர் கீழ்த்தளத்தில் அகதி விண்ணப்பதாரியாக அதற்குள் ஏறினார். பதினாலாம் மாடியில் கதவு திறந்தபோது அவர் கனடியப் பிரஜையாகியிருந்தார். வாசலில் காத்து நின்ற மச்சானுக்குத் தலை முழுதாக நரைத்திருந்தது.

அந்தப் பதினாலாம் மாடியில்தான் அமிர்தநாதரும் மனைவி மக்டலீனும் இருந்தார்கள். ஊர்காவற்றுறையில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அவருக்கு எழுபத்திரண்டு வயது. தபால் வேலை ஊரோடு போயிற்று. ரொறன்ரோவில் அவருக்கு வாய்த்தது கல்வெட்டு எழுதும் வேலை. இதில் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்கு முன் எல்லோர் கையிலும் கொடுக்கிறார்களே ஒரு சின்னப் புத்தகம், அதுதான். அட்டையில் படம், உள்ளே பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பெற்ற பிள்ளைகள். அதன் பிறகு "எங்களைத் தவிக்கவிட்டு எங்கே சென்றாய்" என்று முடிகிற பாட்டுக்கள். சைவக்காரரோ வேதக்காரரான கிறிஸ்தவரோ, எந்த வீட்டுச் சாவென்றாலும் பாட்டு அமிர்தநாதருடையது.

அவருடைய எழுத்தின் வலிமைக்கு ஒரு சாட்சி போதும். ஸ்காபரோவில் நல்ல சுகத்தோடு இருந்த கடைக்காரர் ஒருவர் தன்னுடைய கல்வெட்டை முன்கூட்டியே எழுதுவித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தபோது அதில் வருகிற மனிதனை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து அவனைப்போலவே நடக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் அவருடைய மனைவி, வீட்டில் யாரோ முன்பின் தெரியாத ஆள் நிற்பதாகப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்.

எதிர்க்கதவு டங்கன் மக்கேயுடையது. ஸ்கொற்லாந்தில் ஓபன் என்ற துறைமுக ஊரில் பிறந்து, ரொறன்ரோவில் முப்பத்தொரு வருடம் ஸ்ட்ரீட்கார் ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மக்கே பேசும் ஆங்கிலம் ஆங்கிலேயருக்கு விளங்காது. அமிர்தநாதர் பேசும் ஆங்கிலமும் அப்படியே. ஆகவே இருவருக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு நன்றாக விளங்கியது. மக்கே சொன்னவை எல்லாம் இங்கே, அமிர்தநாதர் வீட்டுக்கு வந்து மக்டலீனுக்குச் சொன்ன தமிழில்தான் தரப்படுகின்றன.

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு மாரியில் மக்கே அவரிடம், என்ன தொழில் செய்கிறீர் என்று கேட்டார். அமிர்தநாதர் விளக்கமாகச் சொன்னார். மக்கே உள்ளே போனார். அரை மணித்தியாலத்தில் கதவின் கீழால் ஒரு துண்டுக் கடுதாசி வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்து வரி. அமிர்தநாதர் அதைத் தமிழாக்கி மக்டலீனுக்கு வாசித்தார்:

பதினாலாம் மாடியில் ஓர்ஆள் இருந்தார்;
செத்தவர் என்றாலே கவிவ ரைந்தார்;
உயிரோடு போய்நின்று
"வணக்கம் ஐயா" என்று
சொன்னோரை ஏமாந்து பார்த்தி ருந்தார்.

"உவருக்கு உங்களில என்ன கோவம்?" என்று மக்டலீன் கேட்டார்.

அமிர்தநாதரும் அதையே போய்க் கேட்டார். மக்கேயின் முகம் சுருங்கிவிட்டது. "கோவமோ? எங்கட பக்கத்தில ஒருத்தனைப் பிடிச்சால் இப்பிடித்தான். முதல் ரெண்டு வரியும் கடைசி வரியும் ஒரு சத்தத்தில முடியவேணும், நடுவில ரெண்டு குட்டை வரி வேறை சத்தத்தில. அஞ்சு வரிக்குள்ள ஆளை நாறடிக்க வேணும். பிறகு நீர் எனக்குத் திருப்பி எழுதவேணும். அதுதான் மரியாதை."

அமிர்தநாதரால் திருப்பி எழுத முடியவில்லை. முயன்றார். பேனாவை எடுத்து மக்கேயைத் திட்டத் தொடங்கினால் மூன்றாவது சொல்லிலேயே "பண்பின் சிகரமே" என்று வந்துவிடும். கல்வெட்டுப் பழக்கம் கையில் ஏறியிருந்தது. ஆகவே ஒரு தட்டில் மீன் கட்லற் கொண்டுபோய்க் கொடுத்தார். எட்டு வருடமாக இப்படியே நடந்தது. அங்கிருந்து ஐந்து வரி வரும். இங்கிருந்து ஐந்து கட்லற் போகும்.

அமிர்தநாதர் உலகத்தில் ஒரே ஒருவனைத்தான் திட்டுவார். அது அவருடைய தம்பி அருள்நாயகம். ஒன்பது வயது இளையவன், முல்லைத்தீவில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் "எந்தக் கலியாணம்?" என்பான். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவனிடமிருந்து தொலைபேசி வரும். அண்ணன் எடுத்தவுடன் சுகம் விசாரிக்க மாட்டார்.

"டேய் கழுதை, என்ர சைக்கிள் எங்கை?"

"எந்தச் சைக்கிள்?"

அதற்குப் பிறகுதான் மற்றக் கதைகள். எழுபதாம் ஆண்டு மடு மாதா கோயில் திருநாளுக்குப் போக அருள்நாயகம் அண்ணனின் றலி சைக்கிளை வாங்கிக்கொண்டு போனான். ஆறாம் நாள் பஸ்சில் வந்து இறங்கினான். சைக்கிள் எங்கே என்று கேட்டபோது, வாய்க்குள் எதையோ சூப்பிக்கொண்டு "எந்தச் சைக்கிள்?" என்றான். அன்றைக்குச் சொன்னதை முப்பத்தொன்பது வருடம் மாற்றவில்லை. இடையில் எத்தனையோ இடப்பெயர்வுகள், எத்தனையோ சுற்றிவளைப்புகள். பொலிஸ், ஆமி, இயக்கம் என்று எல்லோரும் அவனை விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் உண்மை சொன்னவன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் முதல் ஞாயிறு பேசினான். மாசியில் வரவில்லை. பங்குனியில் வரவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவெனியூவில் நடந்த போராட்டத்துக்கு அமிர்தநாதரும் மக்டலீனும் எல்லோரோடும் போய்ப் பனிக்குள் நின்றார்கள். மக்கேயும் ஒரு நாள் வந்து, ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியோடு அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். வைகாசி நடுவில் சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்குப் பிறகு கட்டடம் முழுவதும் தொலைபேசி அடித்தபடியே இருந்தது. அவர்களுடையது மட்டும் அடிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அமிர்தநாதர் ஒரு காரியம் செய்தார். மேசையில் யாருடையதோ கல்வெட்டு எழுதிக்கொண்டிருந்தவர், அது முடிந்தும் பேனாவை மூடவில்லை. கை தன்பாட்டில் வேறு ஒரு தாளை எடுத்தது.

அன்னை மரியாளின் அருள்பெற்ற நாயகமே,
அண்ணன் நான் தனித்திருக்க...

அங்கே நிறுத்திவிட்டார். அடுத்த சொல் என்ன என்று அவருக்குத் தெரியும். அது எல்லாக் கல்வெட்டிலும் வருகிற சொல். அதை எழுதிவிட்டால் தம்பி செத்தவனாகிவிடுவான் என்று பட்டது. தாளைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார். தபாலதிபர்களுக்குப் பொருட்களை ஒளித்துவைக்கத் தெரியாது. மறுநாள் காலை மக்டலீன் வேதப் புத்தகத்தைத் திறந்தார்.

"அவன்ர பேர் ஒரு லிஸ்ற்றிலயும் வரேல்லை," என்றார் மக்டலீன். "ஆரும் பார்த்தனெண்டு சொல்லேல்லை. நீங்கள் கொண்டுபோய்ப் புதைச்சுப்போட்டீங்கள்."

அருள்நாயகத்துக்குப் பதினேழு வயதில் மக்டலீன் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அவனுக்குச் சோறு போட்டவர், சட்டை தைத்தவர். அன்றிலிருந்து மூன்று கிழமை அவர் கணவரோடு பேசவில்லை. சோறு வரும், தேத்தண்ணி வரும், சத்தம் வராது. அமிர்தநாதர் வந்த கல்வெட்டுகளை எல்லாம் திருப்பி அனுப்பினார். எதை எழுதத் தொடங்கினாலும் அந்த இரண்டு வரியின் மிச்சம்தான் கையில் வந்து நின்றது.

ஆனி இருபதாம் திகதி, சனிக்கிழமை, மக்கேக்கு எண்பது வயது.

டான்ஃபோர்த் பக்கம் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் ஸ்கொற்லாந்துக்காரரின் சங்கம் மத்தியானச் சாப்பாடு வைத்தது. அமிர்தநாதர் போக விரும்பவில்லை. மக்கே முதல்நாள் விடியவே கதவைத் தட்டி, "எட்டு வருஷமாய்க் கட்லற் தந்து தப்பிச்சிட்டீர். நாளைக்கு வாய் திறக்கவேணும். அஞ்சு வரி," என்றார். சனிக்கிழமை காலை மக்டலீன் கணவரின் கோட்டை எடுத்துக் கதிரையில் போட்டார். போ என்று அர்த்தம்.

மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் எழுபது வயதுக்குக் குறைந்தவர் கேக்கைக் கொண்டுவந்த ஆள் மட்டுமே. தலைமை மிஸஸ் ஃபின்லே என்ற எண்பத்துநாலு வயது மாது. கையில் கஞ்சி கிண்டுகிற ஒரு மரத் தடி. அந்தச் சங்கத்தின் வழக்கம் இது: பிறந்தநாள்காரரை நடுவில் இருத்தி, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஐந்து வரியில் அவரைத் திட்டவேண்டும். அவர் திருப்பித் திட்டுவார். யாராவது வாய்தவறிப் புகழ்ந்தால் மிஸஸ் ஃபின்லே தடியால் மேசையில் அடிப்பார். புகழ்ந்தவர் நின்றபடியே ஒரு கோப்பை ஆறிய ஓட்ஸ் கஞ்சி, உப்புப் போட்டது, குடிக்கவேண்டும். அதோடு முடியாது. தண்டனையாக, தனக்கு மிகவும் பிரியமான இன்னொருவரை அந்த இடத்திலேயே ஐந்து வரியில் திட்டிக் காட்டவேண்டும்.

மிஸஸ் ஃபின்லேயே தொடங்கிவைத்தார்:

ஓபன் ஊரிலோர் மக்கே பிறந்தான்;
ஸ்ட்ரீட்கார் ஓட்டவே இங்கே பறந்தான்;
தண்டவாளம் வளையும்;
வண்டியுமே நுழையும்;
"நானே திருப்பினேன்" என்று நிமிர்ந்தான்.

சிரிப்பில் மண்டபம் இடிந்தது. மக்கே எழுந்து மிஸஸ் ஃபின்லேயின் சமையலைப் பற்றி ஐந்து வரி சொன்னார். அதை அமிர்தநாதர் மக்டலீனுக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். ஒருவர் மக்கேயின் மூக்கைத் திட்டினார். ஒருவர் அவருடைய பாட்டைத் திட்டினார். மக்கேயின் கன்னம் சிவந்துகொண்டே போயிற்று, அவ்வளவு சந்தோஷம். கடைசியில் அவர் எழுந்து ஒரு நிமிடம் வெளியே போய்வந்து மறுபடி உட்கார்ந்தார். எல்லோரும் அமிர்தநாதரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். முதல்நாள் முழுவதும் இருந்து எழுதியது. திட்டத்தான் முயன்றிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முப்பத்தோராம் நாள் மண்டபங்களில் வாசிக்கிற அதே குரலில், ஆங்கிலத்தில் வாசித்தார். தமிழில் அது இப்படி வரும்:

ஓபனில் உதித்தெழுந்த ஒளிவிளக்கே,
ஸ்ட்ரீட்கார் செலுத்திவந்த சீலத் தேரே,
எண்பது ஆண்டுகள் எமக்காய் வாழ்ந்தாய்,
எங்களைத் தவிக்கவிட்டு எங்கே சென்றாய்?

நாலு வரிதான். ஐந்தாவதுக்கு இடம் வைக்காமல் துக்கம் நிரம்பிவிட்டது.

கேக்கில் மெழுகுதிரி எரிகிற சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டு கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஒரு மாது சிலுவை அடையாளம் போட்டார். அவர் கத்தோலிக்கரும் அல்ல.

மக்கேதான் பேசினார். "ரொய்லற்றுக்குப் போனனான், நாதர். இப்ப வந்திட்டன்."

பிறகு எழுந்த சிரிப்பில் மேலே தேவாலயத்தில் மணி தானாக ஒருமுறை அடித்தது. மிஸஸ் ஃபின்லே தடியால் மேசையை அடித்தார், கஞ்சி வந்தது. அமிர்தநாதர் நின்றபடி குடித்தார். ஊரில் குடித்த எந்தக் கஞ்சியோடும் அதை ஒப்பிட விரும்பவில்லை என்று மட்டும் பிற்பாடு சொன்னார்.

"மன்னிக்கவேணும்," என்றார் கோப்பையை வைத்துவிட்டு. "எனக்குப் புகழத்தான் வரும்."

"புகழ்ச்சி செத்த ஆக்களுக்கு," என்றார் மிஸஸ் ஃபின்லே. "அவையளால திருப்பிக் கதைக்கேலாது, பாவம், என்னத்தைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு கிடப்பினம். திட்டு உயிரோட இருக்கிற ஆக்களுக்கு. திட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேணும், பதில் வரும். இப்ப உமக்குப் பிரியமான ஆளைச் சொல்லும்."

அமிர்தநாதர் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார். மக்டலீனைத் திட்டலாம், அது பாதுகாப்பில்லை. மக்கே அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் கதை அவருக்குத் தெரியும். வேதப் புத்தகத்துக்குள் இருந்த தாளின் கதையும் தெரியும்.

"உமக்கு ஒரு தம்பி இருக்கிறார் எல்லோ?" என்றார் மக்கே மெல்ல. இருந்தார் என்று சொல்லவில்லை.

கஞ்சியோ, உப்போ, அந்தச் சொல்லோ, எது செய்தது என்று தெரியாது. தாள் இல்லை, பேனா இல்லை. அமிர்தநாதர் வாயைத் திறந்தார். முதலில் தமிழில் வந்தது. மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் அது திட்டு என்பது முப்பது பேருக்கும் விளங்கியது.

தம்பியென் றெனக்கொரு கழுதை உண்டு;
மடுவுக்குப் போனது சைக்கிள் கொண்டு;
திரும்பிற்று பஸ்ஸில்;
நான்கேட்ட நொடியில்
"எந்தச் சைக்கிள்?" என்றது, வாயில் கற்கண்டு.

பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். மேசைகள் அதிர்ந்தன. மிஸஸ் ஃபின்லே தடியைத் தலைகீழாகப் பிடித்து உயர்த்தினார். அது அந்தச் சங்கத்தின் மிக உயர்ந்த மரியாதை, தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு யாருக்கும் கொடுக்கப்படாதது. "நல்ல திட்டு," என்றார். "அந்தப் பெடியனுக்கு அனுப்பும். பதில் வராமல் விடாது."

பெடியனுக்கு அறுபத்துமூன்று வயது. அமிர்தநாதர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். கண்ணில் உப்பு ஏறிவிட்டது, அவர்கள் கஞ்சிக்கு உப்புக் கூட, என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, ஐந்து வரியையும் ஒரு தாளில் எழுதி, மக்டலீன் வெங்காயம் வெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். மக்டலீன் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"கற்கண்டில்லை," என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முதற் சொல் அது. "தோடம்பழ இனிப்பு. நான் கேற்றடியில நிண்டனான்."

"தோடம்பழ இனிப்பைப் போட்டால் முதல் வரியோட ஒத்துவராது, மக்டலீன்."

"ஒத்துவரவேணுமெண்டு பொய் எழுதுறதோ?"

"இதில எழுதலாமாம். சங்கத்தில சொன்னவை."

மக்டலீன் சிரிக்கவில்லை, ஆனால் வெங்காயத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அவருடைய அக்காவின் மகள் கிறிஸ்ரினா வவுனியாவில் ஒரு கன்னியர்மடத்தில் இருந்தார். முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய், தேடப்படுகிறவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு திரிகிற சிஸ்ரர். அருள்நாயகத்தின் பெயரும் வயதும் அவரிடம் ஏற்கெனவே இருந்தன.

"பிள்ளை, எழுதும்," என்றார் மக்டலீன். "அருள்நாயகத்தின்ர பேருக்குக் கீழ இதையும் எழுதும். தம்பியென்றெனக்கொரு கழுதை உண்டு... ஓம், கழுதைதான். எழுதும் பிள்ளை, பாவமில்லை."

ஆடி பிறந்தது. மடுத் திருநாள் வந்து போயிற்று. ஒவ்வொரு நாளும் மக்கே காலையில் கதவைத் தட்டி, "திருப்பித் திட்டிட்டானோ?" என்று கேட்டார். இல்லை என்று அமிர்தநாதர் சொல்வார். "நல்ல திட்டுக்குப் பதில் யோசிக்க நாள் எடுக்கும்," என்று மக்கே போய்விடுவார். வேதப் புத்தகத்துக்குள் அந்தத் தாள் அப்படியே இருந்தது. இருவரும் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் மனப்பாடமாகவே செபித்தார்கள்.

ஆடி மாதம் மூன்றாம் கிழமை, காலைத் தேத்தண்ணி நேரம், தொலைபேசி அடித்தது. மக்டலீன் எடுத்தார். கேட்டார். கருவியைக் கணவரின் காதில் வைத்துவிட்டு, தன் காதையும் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"சித்தப்பா, கிறிஸ்ரினா கதைக்கிறன். ஆஸ்பத்திரியில ஒரு பெரிய வார்ட். ஒவ்வொரு கிழமையும் போய்ப் பேர் வாசிக்கிறனான். நேற்று வாசிச்சு முடிச்சாப் பிறகு எல்லாரும் பேசாமல் கிடந்தினம். எனக்கும் ஏலாமல் இருந்தது. கையில உங்கட கவி இருந்தது, அதை வாசிச்சன். சனம் சிரிச்சது, சித்தப்பா. அந்த வார்ட்டில நான் சிரிப்புக் கேட்டதில்லை. அப்ப மூலைக் கட்டிலில ஒருத்தர். கண்ணுக்குக் கட்டு, காலுக்கு மாக்கட்டு. வந்த நாளில இருந்து ஒரு வார்த்தை கதையாதவர், பேர் தெரியாதவர் எண்டு எழுதி வைச்சிருந்தது. அவர்..."

"என்ன சொன்னவர்?" என்றார் அமிர்தநாதர்.

"எந்தச் சைக்கிள் எண்டு கேட்டவர்."

அமிர்தநாதர் கருவியை மக்டலீனிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்துபோய் எதிர்க்கதவைத் தட்டினார். மக்கே திறந்தார். மக்கே அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "திட்டிட்டான்," என்றார். அமிர்தநாதர் தலையை ஆட்டினார். இரண்டு கிழவர்களும் நடைபாதையில், லிப்ற்றுக்குக் காத்து நிற்பவர்களைப்போல, வெகுநேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. சிஸ்ரர் கிழமைக்குக் கிழமை வாசித்த பட்டியலில் தன் பெயர் வந்ததை அருள்நாயகம் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறான். "ஒரு சிஸ்ரர் மெல்லிய குரலில பேர் வாசிச்சால், அது செத்த ஆக்களுக்குப் பூசை எண்டுதானே அர்த்தம்?" என்றான் அவன். "என்ர பேரும் வந்தது. சரி, முடிஞ்சுது போல எண்டு நினைச்சன். பூசைக்கு நடுவில எழும்பிக் கதைக்கிறது மரியாதையில்லை எண்டு பேசாமல் கிடந்தன். அண்ணை கழுதை எண்டாப் பிறகுதான், நான் இன்னும் இருக்கிறன் எண்டு விளங்கினது."

ஆவணியில் கடிதம் வந்தது. கண் கட்டு ஒரு பக்கம் அவிழ்க்கப்பட்டிருந்தது என்றாலும் அவன் சொல்லச் சொல்ல சிஸ்ரர்தான் எழுதியிருந்தார். இரண்டாம் வரியில் ஒரு சொல்லை வெட்டிவிட்டு வேறு சொல் எழுதப்பட்டிருந்தது. வெட்டிய சொல் கன்னியர்மடத்துப் பேனாவுக்கு உகந்ததல்ல என்று ஓரத்தில் குறிப்பு. அமிர்தநாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக் கதிரையையும் கொண்டுவந்து மக்கேயை இருத்தி, வாசித்தார்:

கனடாவில் எனக்கொரு அண்ணன் உண்டு;
கவிபாடக் காத்தாராம் பேனா கொண்டு;
நான்சாக வில்லை,
அவருக்கது தொல்லை;
அவர்சைக்கிள் மடுக்காட்டில் இன்னும் உண்டு.

"ஒப்புக்கொண்டிட்டான்," என்றார் அமிர்தநாதர். "முப்பத்தொன்பது வருஷம், மக்டலீன். சைக்கிள் எண்டு ஒண்டு இருந்ததெண்டு ஒப்புக்கொண்டிட்டான்."

மக்கேக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். மக்கே கைதட்டினார். கடைசி வரி முதல் வரியின் சொல்லிலேயே முடிவதுதான் பழைய முறை என்றும், தம்பி அண்ணனைவிடக் கெட்டிக்காரன் என்றும் தீர்ப்புச் சொன்னார். அமிர்தநாதர் வேதப் புத்தகத்தைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பினார். பதிலுக்குப் பதில் உடனே போகவேண்டும்.

மக்டலீன் கடிதத்தைக் கையில் எடுத்தார். "கீழ இன்னும் எழுதிக் கிடக்கு. இதை வாசிக்கேல்லையோ?"

"என்ன?"

மக்டலீன் வாசித்தார். "அண்ணி, மடுவுக்குப் போற வழியில ஒரு குளக்கட்டு. இறங்கேக்க பிரேக்கைப் பிடிச்சன். பிரேக் இல்லை. சைக்கிள் ஒரு பக்கம் காட்டுக்குள்ள போனது, நான் ஒரு பக்கம் குளத்துக்குள்ள போனன். பிரேக் இல்லாத சைக்கிளைத் தந்தனீங்களோ எண்டு கேட்டால் அண்ணை காலமெல்லாம் மனவருத்தப்படுவார். அதுதான், எந்தச் சைக்கிள் எண்டு சொன்னனான்."

மக்டலீன் கடிதத்தை இறக்கினார். கணவரைப் பார்த்தார். மக்கேக்குத் தமிழ் தெரியாது, அவரும் பார்த்தார்.

"பிரேக் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று மக்டலீன் கேட்டார்.

அமிர்தநாதர் பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் மேல் குனிந்து, முதல் வரியைத் தொடங்கினார்.

"எந்தப் பிரேக்?" என்றார்.